கரிமுண்டாவைப் பிடுங்குவதா? கீழ்ப்பழனி மலைத் தோட்டம் ஒன்றில் இரண்டு மிளகு ரகங்களை அளந்து பார்த்த கதை

பின்னணி

கீழ்ப்பழனி மலையில் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள எட்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இது. அராபிகா காப்பி, நிழல் மரங்களில் மிளகு, நடுநடுவே மலைவாழை, ஓரங்களில் சில ஆரஞ்சு மரங்கள் என்று அந்தப் பக்கத்தில் எங்கும் காணக்கூடிய அமைப்புதான். தந்தை காலமான பிறகு அண்ணன் தோட்டத்தை நடத்துகிறார். தம்பிக்குத் திண்டுக்கல்லில் வேலை; விடுமுறை நாட்களில் மலையேறுவார். களமும் காயவைப்பும் அவர்களுடைய தாயின் ஆட்சி. தோட்டக்கலை படித்தவன் என்ற முறையில் என்னை அழைத்தவர் தம்பி.

தோட்டம் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. வீட்டை ஒட்டிய மேல்காட்டில் சில்வர் ஓக் மரங்கள். ஆண்டுதோறும் கிளை கழிப்பதால் வெயில் தாராளமாக இறங்கும். அங்கே ஏறியிருப்பவை பெரும்பாலும் பன்னியூர்-1 கொடிகள். கீழே ஓடையை ஒட்டிப் பலாவும் மதகிரி வேம்பும் காட்டு மரங்களும் நெருங்கி நிற்கின்றன, பகலிலும் இருட்டு. அந்த ஓடைக்காட்டில் இருப்பவை தாத்தா காலத்துக் கரிமுண்டா கொடிகள்.

கரிமுண்டா கேரளத்தில் மிகப் பரவலாகப் பயிராகும் நாட்டு ரகம். சிறிய இலை, குட்டைச் சரம் (மிளகு பூத்துக் காய்க்கும் கதிர்), நெருக்கமான மணி. பன்னியூர்-1 கண்ணூர் மாவட்டத்தின் பன்னியூர் மிளகு ஆராய்ச்சி நிலையத்தில் உதிரங்கொட்டா, செறியகாணியக்காடன் என்ற இரண்டு நாட்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது. 1971இல் வெளியானது, மிளகில் உலகின் முதல் கலப்பின ரகம் அதுதான். அகன்ற இதய வடிவ இலை, நீளச் சரம், பருத்த மணி. இரண்டு கொடிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் யாரும் எது அதிகம் காய்க்கும் என்று கேட்கவே மாட்டார்கள். பன்னியூர் சரத்தைப் பார்த்தாலே முடிவு செய்துவிடத் தோன்றும்.

கேள்வி எழுந்த விதம்

அண்ணனும் அப்படித்தான் முடிவு செய்திருந்தார். அறுவடை நாளில் மேல்காட்டுக் கூடைகள் சீக்கிரம் நிறைகின்றன, ஓடைக்காட்டுக் கூடைகள் மாலை வரை நிறைவதில்லை. ஆகவே ஓடைக்காட்டைச் சுத்தமாகப் பிடுங்கிவிட்டுப் பன்னியூர்-1 நடவேண்டும் என்றார். தம்பி ரகங்களின் பட்டியல் ஒன்றைக் காட்டினார். அதில் ஹெக்டேருக்கு உலர் மிளகு பன்னியூர்-1க்கு 1,242 கிலோ, ஸ்ரீகராவுக்கு 2,677 கிலோ. இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருக்கும்போது பன்னியூரை ஏன் நடவேண்டும் என்பது அவர் வாதம். எதை நடுவது என்பதில்தான் தகராறு. கரிமுண்டாவைப் பிடுங்குவதில் இருவருக்கும் ஒரே கருத்து.

பட்டியலில் தவறில்லை. ஆனால் அந்த எண்கள் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு பராமரிப்பில் நடந்த சோதனைகளிலிருந்து வந்தவை. ஒரே வரிசையில் அச்சிட்டுவிட்டதால் அவை ஒரே பந்தயத்தில் ஓடியவை ஆகிவிடாது. இன்னொன்றும் தம்பியின் கண்ணில் படவில்லை. ஸ்ரீகரா கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம். அது கரிமுண்டாக் கொடிகளிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. சுபகரா என்ற ரகமும் அப்படியே. கரிமுண்டாவைப் பிடுங்கிவிட்டுக் கரிமுண்டாவின் பிள்ளையை நடச் சொல்லிக்கொண்டிருந்தார் அவர்.

பிடுங்குவதில் செலவு மட்டுமல்ல, காத்திருப்பும் உண்டு. நட்ட கொடி மூன்றாம் ஆண்டில்தான் காய்ப்புக்கு வரும். முழுக் காய்ப்புக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். ஓடையோர மண் மழைக்காலம் முழுவதும் ஈரத்தில் ஊறும். அங்கே நூற்றுக்கணக்கான குழி வெட்டிப் பழைய வேர்களை அறுத்தால் வாடல் நோய்ப் பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிட்டதுபோல ஆகும். இதை எடுத்துச் சொன்னபோது அண்ணன் ஒரு பருவம் பொறுக்கச் சம்மதித்தார். ‘ஒரு பருவம்தான்’ என்று அழுத்தியும் சொன்னார்.

எதை அளப்பது என்று முடிவு செய்தது

மேல்காட்டுப் பன்னியூரையும் ஓடைக்காட்டுக் கரிமுண்டாவையும் ஒப்பிட்டால் ரகத்தையா இடத்தையா அளக்கிறோம் என்று தெரியாது. நல்லவேளையாக, ஓடைக்காட்டில் பட்டுப்போன கொடிகளுக்குப் பதிலாகத் தந்தை சில பன்னியூர்-1 கொடிகளை நட்டிருந்தார். மேல்காட்டில் வீட்டுப் பக்கம் கொஞ்சம் கரிமுண்டாவும் இருந்தது. எனவே இரண்டு இடம், இரண்டு ரகம் என்று நான்கு குழுக்கள் கிடைத்தன. குழுவுக்கு எட்டுக் கொடிகளைத் தேர்ந்து, பழைய சேலைக் கிழிசலில் நான்கு நிறத்தில் பட்டை கட்டினோம். நோயுற்றவை, தோட்ட ஓரத்தில் நிற்பவை, மரம் சாய்ந்தவை நீங்கலாகக் கண்ணில் பட்டவற்றைப் பாகுபாடின்றி எடுத்தோம். அண்ணன் ஒவ்வொரு முறையும் மேல்காட்டின் அழகான கொடியையே காட்டினார். அவரை ஏணி பிடிக்கச் சொல்லிவிட்டுத் தம்பி தேர்ந்தெடுத்தார்.

கொடிக்கு எத்தனை கிலோ என்று மட்டும் பார்த்தால் போதாது. சில்வர் ஓக்கில் ஏறிய கொடி 25 அடி உயரம் போயிருக்கிறது. பலாவில் ஏறியது 15 அடியில் நின்றுவிட்டது. ஆகவே மூங்கில் பிளாச்சில் அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று செய்து, கொடியின் அடி, நடு, மேல் என்று மூன்று உயரங்களில் இலைப்பரப்பின் மேல் வைத்து அதற்குள் வரும் சரங்களை எண்ணுவதென்று முடிவாயிற்று. அதோடு சரத்தின் நீளம், சரத்தில் பிடித்த மணி, உதிர்ந்த சரம், பச்சை எடை, உலர் எடை, லிட்டர் எடை (ஒரு லிட்டர் அளவையில் பிடிக்கும் உலர் மிளகின் எடை). கடைசி மூன்றையும் கொடிவாரியாகப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதுதான் வீட்டில் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. 32 கொடிகளின் மிளகைத் தனித்தனியாகக் காயவைப்பது என்றால் களத்தில் 32 சாக்கு விரிக்க வேண்டும். தாய் முதலில் மறுத்தார். பிறகு மூன்று குழுக்களைக் குழுவுக்கு ஒன்றாக மூன்று குவியலாகக் காயவைக்கவும், ஓடைக்காட்டுக் கரிமுண்டாவை மட்டும் கொடிவாரியாகத் தனியே வைக்கவும் ஒப்புக்கொண்டார். பிடுங்கப்போவது அவற்றைத்தானே என்பது அவர் சொன்ன காரணம். இந்த ஆய்வில் எடுத்த மிகப் பயனுள்ள முடிவு அதுதான்; எடுத்தது நான் அல்ல.

பூக்கும் பருவத்தில் கண்டவை

கோடைமழை விழுந்ததும் கொடிகள் துளிர்த்தன. பக்கக் கிளைகளின் புதுத் துளிரோடு சரங்களும் வந்தன. சட்டத்துக்குள் எண்ணியபோது இரண்டு இடத்திலும் கரிமுண்டாவில்தான் சரங்கள் அதிகம். பன்னியூரில் எண்ணிக்கை குறைவு. ஆனால் சரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். இதுவரை அண்ணனுக்குக் கவலையில்லை.

மிளகில் மகரந்தம் சேர்வதற்கு ஈரம் வேண்டும். பயிராகும் ரகங்களில் பெரும்பாலும் இருபால் பூக்கள். பூவின் சூல்முடி முன்பே தயாராகிவிடும். மகரந்தப் பை பிறகே வெடிக்கும். தொங்கும் சரத்தில் மேலே உள்ள பூக்களின் மகரந்தம் சாரலிலும் பனியிலும் நனைந்து கீழே உள்ள பூக்களுக்கு இறங்குகிறது. அந்த ஆண்டு சரம் வந்த பிறகு மழை கொஞ்ச நாள் கண்ணாமூச்சி காட்டியது. விளைவு சரத்தில் தெரிந்தது.

ஓடைக்காட்டுப் பன்னியூர்ச் சரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தோம். நீளம் ஒரு சாணுக்குச் சற்றே குறைவு. காம்பிலிருந்து விரல்கடை தூரம் வரை மணி நெருக்கமாக இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மணி, ஒரு வெற்றிடம், ஒரு மணி, நான்கு வெற்றிடம். நுனிப்பகுதியில் கடுகளவு பிஞ்சுகள் வளராமல் கறுத்துக் கிடந்தன. அதே மரத்துக்குப் பக்கத்து மரத்தில் இருந்த கரிமுண்டாச் சரம் அதில் பாதி நீளம்தான். ஆனால் அடிமுதல் நுனிவரை இடைவெளி இல்லை. இரண்டையும் உருவி எண்ணினோம். குட்டைச் சரத்தில் மணி அதிகம்.

மேல்காட்டில் நிலைமை வேறு. அங்கே பன்னியூர்ச் சரத்தின் முக்கால் பங்குக்கு மேல் மணி பிடித்திருந்தது. பன்னியூர்-1 அடர் நிழலுக்கு ஏற்றதல்ல என்பது பரிந்துரைகளில் வழக்கமாக உள்ள வரி. நிழல் கூடும்போது சரத்தில் இருபால் பூக்களின் விகிதம் குறைவதும் அறிந்ததே. ஆனால் பரிந்துரையில் படிப்பதற்கும், அப்பா நட்ட கொடியில் வெற்றிடத்தை விரலால் தடவிப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அண்ணன் அன்று அதிகம் பேசவில்லை.

சரம் உதிர்வதையும் குறித்தோம். கொடியின் அடியில் விரித்த சாக்கில் விழுந்தவற்றை எண்ணியதில் ஓடைக்காட்டில் இரண்டு ரகமும் உதிர்த்தன, பன்னியூர் அதிகம். விழுந்த சரங்கள் சிலவற்றில் கரும்புள்ளி இருந்ததால் பூஞ்சையின் பங்கும் இருந்திருக்கும். ஆகவே உதிர்வு முழுவதையும் ரகத்தின் கணக்கில் எழுதவில்லை.

அறுவடையும் கூலியும்

சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிப்பது அங்குள்ள வழக்கம். மேல்காடு முந்திக்கொண்டது. ஓடைக்காட்டில் முதிர்வு தாமதம். ஒரே கொடியில் பழுத்த சரமும் பச்சைச் சரமும் கலந்து நின்றன.

பல ஆண்டுகளாக அங்கே பறிக்கும் அம்மா ஒருவர், கரிமுண்டாவில் கை ஓயாது, கூடை நிறையாது என்றார். அது உண்மை. குட்டைச் சரம் என்பதால் ஒரு கிலோவுக்கு எத்தனையோ முறை கையை நீட்ட வேண்டும். இந்தக் கூலிக் கணக்கைப் பல ஒப்பீடுகள் விட்டுவிடுகின்றன. ஏணி ஏறிப் பறிக்க ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட மலையில் மகசூலைவிட அது சில நேரம் முக்கியம். ஆனால் அதே அம்மா ஓடைக்காட்டுப் பன்னியூரைப் பறித்துவிட்டு வந்து, ஏணியை நகர்த்திய நேரத்துக்குச் சரம் இல்லை என்று சலித்துக்கொண்டார். நீளச் சரம் பறிப்பவருக்குத் தரும் லாபம் கொடியில் போதிய சரங்கள் இருந்தால் மட்டுமே.

பச்சை எடையில் மேல்காட்டுப் பன்னியூர் முதலிடம். அங்குள்ள கரிமுண்டாவைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஓடைக்காட்டில் கரிமுண்டா முந்தியது, ஆனால் பெரிய வித்தியாசத்தில் அல்ல. இந்த இடத்தில் கணக்கை மூடியிருந்தால் இரண்டு ரகமும் ஓடைக்காட்டில் ஏறக்குறைய சமம் என்றே எழுதியிருப்போம்.

களத்தில் மாறிய கணக்கு

தாய் மணிகளை உதிர்த்து, மூங்கில் கூடையோடு கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் காயவைப்பார். நிறம் ஒரே சீராகக் கறுக்கும், காய்ச்சலும் சீக்கிரம் முடியும். பல்லுக்கு இடையில் வைத்தால் நொறுங்க வேண்டும், நசுங்கக் கூடாது என்பது அவருடைய ஈரமானி.

மேல்காட்டில் இரண்டு ரகமும் 100 கிலோ பச்சைக்கு 34, 35 கிலோ உலர் மிளகு தந்தன. பன்னியூர்-1க்கு நூல்கள் சொல்லும் அளவும் அதுதான். ஓடைக்காட்டுக் கரிமுண்டா அதிலிருந்து அதிகம் இறங்கவில்லை. ஓடைக்காட்டுப் பன்னியூர் 30ஐ எட்டவில்லை. பருத்த மணிதான், ஆனால் உள்ளே பால் முற்றவில்லை, காய்ந்ததும் சுருங்கியது. முறத்தில் புடைத்தபோது பொக்கு தனியாகப் பறந்தது. பட்டிவீரன்பட்டி வியாபாரியிடம் மாதிரி கொண்டுபோனபோது அவர் லிட்டர் அளவையில் கொட்டித் தலைதட்டி நிறுத்தார். லிட்டருக்கு 550 கிராம் என்பது நல்ல மிளகுக்குச் சந்தை எதிர்பார்க்கும் எடை. கரிமுண்டா தேறியது. மேல்காட்டுப் பன்னியூரும் தேறியது. மணிப் பருமனுக்காக அதற்குக் கூடுதல் விலையும் சொன்னார். ஓடைக்காட்டுப் பன்னியூரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு மற்றதோடு கலந்துவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவும் எதிர்பார்த்தவைதான். எதிர்பாராதது, தாய் தனித்தனியாக விரித்த எட்டுச் சாக்குகளில் இருந்தது. ஓடைக்காட்டுக் கரிமுண்டாக் கொடிகள் எட்டில் மூன்று மட்டும் மொத்த உலர் எடையில் பாதிக்கு மேல் தந்திருந்தன. முதல் கொடிக்கும் கடைசிக் கொடிக்கும் இடையே நான்கு மடங்கு வித்தியாசம். இரண்டு ரகங்களின் சராசரிக்கு இடையே நாங்கள் தேடிக்கொண்டிருந்த வித்தியாசம் இதற்கு அருகில்கூட வரவில்லை. கடைசியில் நின்ற இரண்டு கொடிகளின் இலையை மீண்டும் பார்த்தபோது அவை கரிமுண்டாவே அல்லவோ என்ற ஐயம் வந்தது. பழைய தோட்டங்களில் கரிமுண்டா என்ற பெயரில் பலவும் ஏறியிருக்கும். ஆனால் ஐயத்துக்கு இடமில்லாத ஆறு கொடிகளுக்குள்ளேயும் ஏற்றத்தாழ்வு பெரிதாகவே இருந்தது.

எடுத்த முடிவும் காரணமும்

அண்ணனின் கேள்வி எந்த ரகம் என்பது. களத்துச் சாக்குகள் சொன்ன பதில் எந்தக் கொடி என்பது. ஓடைக்காட்டை மொத்தமாகப் பிடுங்கினால் தோட்டத்தின் மோசமான கொடிகளோடு மிகச் சிறந்தவையும் போய்விடும். ஸ்ரீகரா உருவானதே நல்ல கரிமுண்டாக் கொடிகளைப் பொறுக்கியதால்தான் என்பதை இப்போது தம்பியே எடுத்துச் சொன்னார்.

மூன்று வேலைகளை ஒப்புக்கொண்டோம். மேல்காட்டில் காலி மரங்களுக்குப் பன்னியூர்-1 மட்டும். அங்கே அதற்கு மாற்று தேட வேண்டியதில்லை. ஓடைக்காட்டில் மழைக்கு முன்பே நிழல் மரங்களின் தாழ்ந்த கிளைகளைக் கழிப்பது. அங்கே மிகக் குறைவாகக் காய்க்கும் கொடிகளை ஆண்டுக்குக் கொஞ்சமாக எடுத்துவிட்டு, குறித்துவைத்த தாய்க்கொடிகளின் அடியில் படரும் ஓடுகொடிகளிலிருந்து நாற்றெடுத்து நடுவது. ஒரு வரிசையில் மட்டும் ஸ்ரீகரா. இந்தக் கடைசி வரிசை தம்பியைச் சமாதானப்படுத்துவதற்காக அல்ல. அதே நிழலில், அதே மண்ணில், அதே ஆண்டில் நட்டால்தான் பட்டியல் எண்ணுக்கு இந்தத் தோட்டத்தில் என்ன மதிப்பு என்று தெரியும்.

ஒரே பருவத்தை நம்பித் தாய்க்கொடியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. மிளகுக்கொடி ஓராண்டு அள்ளிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு ஓய்ந்துபோவது உண்டு. எனவே முதல் ஆண்டில் நாற்று எடுக்கவில்லை. மூன்று கொடிகளையும், மூங்கில் சட்டத்துக்குள் எண்ணிய கணக்கில் நன்றாக வந்த வேறு சிலவற்றையும் குறித்துவைத்து இன்னொரு பருவம் பார்த்தோம்.

பிறகு நடந்தவை

கிளை கழிக்கும் வேலையில் அண்ணன் உற்சாகமாகிவிட்டார். ஒப்பீட்டுக்காகத் தொடாமல் விடச் சொன்ன மரங்களையும் சேர்த்துக் கழித்துவிட்டார். அடுத்த பருவத்தில் ஓடைக்காட்டில் இரண்டு ரகமும் கூடுதலாகக் காய்த்தன. சரத்தில் வெற்றிடம் குறைந்தது. ஆனால் அந்த ஆண்டு பூத்த நேரத்தில் மழையும் நிற்காமல் சாரலடித்தது. வெளிச்சத்தின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. ஓடைக்காட்டுப் பன்னியூர் அப்போதும் உலர் எடையில் கரிமுண்டாவை எட்டவில்லை. ஓடையின் மேற்குக் கரையில் அளவுக்கு மீறிக் கழித்த இடத்தில், கோடையில் இளங்கொடிகளின் இலை வெயிலில் கருகியது; காப்பிச் செடிகளும் வாடின. அங்கே மீண்டும் கிளை விட அனுமதித்தார்கள்.

குறித்துவைத்த மூன்று கொடிகளில் இரண்டு இரண்டாம் ஆண்டிலும் முன்வரிசையிலேயே நின்றன. மூன்றாவது பின்தங்கியது; அதைத் தாய்க்கொடிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். நின்ற இரண்டோடு, இரண்டு பருவமும் தேறிய வேறு நான்கு கொடிகளையும் சேர்த்து, அடியில் படரும் ஓடுகொடிகள் மண்ணில் வேர்விடாதபடி குச்சியில் சுருட்டிக் கட்டி, பிப்ரவரி, மார்ச்சில் வெட்டி, மூன்று கணு நாற்றுகளாகப் பைகளில் வைத்தார்கள். மழை பிடித்ததும் நட்டார்கள். குழியில் நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற நன்மைப் பூஞ்சை கலந்த தொழு உரம். மழைக்கு முன் ஒரு முறை போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி. சில நாற்றுகள் வாடலில் போயின, ஓடைக்கு மிக அருகில் நட்டவை. அந்த வரிசையைக் கைவிட்டார்கள்.

அண்ணன் இப்போதும் பன்னியூர்க் கட்சிதான், மேல்காட்டு அளவில். ஓடைக்காட்டைப் பிடுங்கும் பேச்சு நின்றுவிட்டது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கொடிகளின் வயது சமமாக இல்லை. ஓடைக்காட்டுப் பன்னியூர்கள் இடைநடவு. பக்கத்துக் கரிமுண்டாவைவிட இளையவை. அவை பின்தங்கியதில் வயதுக்கும் பங்கு இருக்கலாம். மணி பிடிக்காததும் உலர் எடை குறைந்ததும் நிழலையே சுட்டினாலும், கிலோக் கணக்கை அப்படியே ரகத்தின் மேல் ஏற்றக் கூடாது.

நிழலை அடர்த்தி, மிதம் என்று கண்ணளவில் எழுதிவைத்தோம். மலிவான ஒளிமானி ஒன்று போதும். ஒவ்வொரு கொடியின் மேலும் நடுப்பகல் அளவை எடுத்திருந்தால் அண்ணன் எவ்வளவு கழித்தார் என்பதற்காவது எண் இருந்திருக்கும். தொடாமல் விடவேண்டிய மரங்களில் பட்டை கட்டினால் மட்டும் போதாது. கிளை கழிக்கும் நாளில் ஒருவர் உடன் நிற்க வேண்டும்.

கொடிவாரி உலர் எடையை நான்கு குழுக்களுக்கும் எடுத்திருக்க வேண்டும். மேல்காட்டுப் பன்னியூர் எட்டையும் ஒரே குவியலாக்கிவிட்டதால், அங்கேயும் கொடிக்குக் கொடி இப்படி ஏற்றத்தாழ்வு உண்டா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பன்னியூர்-1 ஒரே கொடியிலிருந்து பெருகியது என்பதால் வித்தியாசம் குறைவாக இருக்க வேண்டும். வரும் அறுவடைக்குத் தாய் இன்னும் எட்டுச் சாக்குகள் விரிக்கச் சம்மதித்திருக்கிறார். ஸ்ரீகரா வரிசை இன்னும் மரத்தில் பாதி உயரம்கூட ஏறவில்லை. நான்காம் ஆண்டு காய்ப்புக்கு முன் அதன் எடையைக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை என்று அண்ணனும் தம்பியும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.